அந்தப் பதினாலு பேர்

என் அண்ணியைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் அவளுடைய சந்தேகத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பால் கவரில் தேதி போட்டிருந்தால் அவளுக்குப் போதாது, முகர்ந்து பார்க்க வேண்டும். பூட்டின கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். படி இறங்கின பிறகு நான்காவது தடவைக்காகத் திரும்ப ஏறுவாள். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் வேலை பார்ப்பதாகச் சொன்ன அலுவலகத்துக்குப் போன் போட்டு, அப்படி ஒருத்தர் அங்கே இருக்கிறாரா என்று விசாரித்தவள். இருக்கிறார், இப்போது சீட்டில் இல்லை என்று பதில் வந்ததாம். ஏன் சீட்டில் இல்லை என்று அண்ணனை இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அண்ணியும் நானும் ஒரே ஆபீஸ். அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு லைப்ரரி. சொந்தக்காரர்கள் எல்லாரும் அது புத்தகம் அடுக்குகிற வேலை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருத்தித் திருத்தி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற லைப்ரரி. தராசு, வெப்பமானி மாதிரி அளக்கிற கருவிகள் காட்டும் அளவை வாங்கித் திரையில் காட்டுவதற்கு இடையில் நின்று வேலை செய்கிற நிரல். பல நிறுவனங்கள் அதை எடுத்துத் தங்கள் மென்பொருளுக்குள் வைத்துக்கொள்கின்றன. அண்ணி எழுதுவாள், நான் சோதித்துப் பார்ப்பேன். நான் தப்பு கண்டுபிடித்துச் சொன்னால், நான் கண்டுபிடித்த விதத்தில் ஏதாவது தப்பு இருக்குமோ என்று அவள் முதலில் பார்ப்பாள். வீட்டில் குழம்பில் உப்பு அதிகம் என்றாலும் அதே கதைதான்.

இந்த லைப்ரரி ஓடுகிற கம்ப்யூட்டர்களில் ஒரு பழைய சிஸ்டம் உண்டு. வந்து பதினைந்து வருஷமாகிவிட்டது. அதைச் செய்த நிறுவனமே கைகழுவிவிட்டது. எங்கள் ஆபீஸில் அதற்குப் பெயர் பெரியவர். ஒவ்வொரு புது வெர்ஷன் வெளியிடும்போதும் பெரியவரை இன்னும் எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்று பேச்சு வரும். அவருக்காகத் தனியாக எழுத வேண்டும், தனியாகச் சோதிக்க வேண்டும். ஒரு மாத வேலை ஒன்றரை மாதம் இழுக்கும்.

அதற்கு ஒரு விதி வைத்திருந்தோம். எங்கள் லைப்ரரியை யார் இறக்கினாலும், இறக்குகிற மெஷின் எந்தச் சிஸ்டம் என்று எங்களுக்கு ஒரு தகவல் வந்து சேரும். பெரியவரிடமிருந்து வருகிற தகவல் வாரத்துக்குப் பத்துக்குக் கீழே போனால் அவருக்கு விடை கொடுத்துவிடலாம். ஆறு வருஷமாகப் பத்துக்குக் கீழே போனதே இல்லை. வாரத்துக்குப் பதினாலு. நாங்கள் மும்முரமாக வேலை செய்கிற வாரங்களில் பதினேழு, பதினெட்டு. யாரோ பதினாலு பேர் எங்கேயோ உட்கார்ந்து நம்மை நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை. ரிலீஸ் ஆகிற அன்றைக்கு எல்லாருக்கும் டீ வரும்போது 'பதினாலு பேருக்கு' என்று ஒரு கப் தனியாக வாங்கி என் மேஜையில் வைப்பார்கள். ஆறிப்போவதற்குள் அதை நான் குடித்துவிடுவேன்.

என் மேஜை என்று ஏன் வைத்தார்கள் என்றால், பெரியவர் ஓடுகிற சோதனை மெஷின் என் மேஜைக்கு அடியில்தான் இருந்தது. அண்ணி வாங்கி வைத்த மெஷின். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தானாகவே லைப்ரரியை இறக்கி, இன்ஸ்டால் செய்து, சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கூட விடுமுறை கிடையாது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் கால் வைத்துக்கொள்வேன். எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும்.

புத்தியுள்ளவர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எங்களுக்கு ஆறு வருஷம் புரியவில்லை.

அப்புறம் புது மேனேஜர் வந்தார். எதையும் நூற்றுக்கு இத்தனை என்றுதான் பேசுவார். ஒரே வாரத்தில் சதவீதம் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் வந்த சமயத்தில்தான் அண்ணி லைப்ரரியில் ஒரு கோளாறைக் கண்டுபிடித்திருந்தாள். கம்ப்யூட்டரை அணைக்காமல் நாற்பத்தொன்பது நாளுக்கு மேல் ஓடவிட்டால், லைப்ரரி கடைசியாகப் படித்த அளவிலேயே நின்றுவிடும். கருவி என்ன சொன்னாலும் திரையில் பழைய எண்ணே இருக்கும். புது சிஸ்டங்களுக்குத் திருத்தம் தயார். பெரியவருக்கும் எழுத இன்னும் மூன்று வாரம் வேண்டும் என்றாள்.

"நாப்பதாயிரம் பேர்ல பதினாலு பேர்," என்றார் சதவீதம். "பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூணு சதவீதம். இவங்களுக்காக மூணு வாரம் தள்ளிப்போடறதா?"

"விதி பத்துன்னு இருக்கு சார்," என்றாள் அண்ணி.

"அது என்னங்க, மழை பெஞ்சாலும் பதினாலு, வெயில் அடிச்சாலும் பதினாலு? இந்த ஆளுங்க ஊருக்குக் கூடப் போக மாட்டாங்களா?"

எனக்குத்தான் சுருக்கென்றது. அண்ணியைச் சந்தேகப்பட எங்கள் வீட்டில் எல்லாருக்கும் உரிமை உண்டு. வெளியாள் சந்தேகப்பட்டால் எனக்குப் பொறுக்காது.

அடுத்த வாரம் நான் மூன்று நாள் காய்ச்சலில் படுத்துவிட்டுத் திங்கட்கிழமை வந்தேன். சதவீதம் என் மேஜைப் பக்கம் தாளோடு நின்றிருந்தார். "போன வாரம் ஆறுதான் வந்திருக்கு. மீதி எட்டு பேர் எங்க போனாங்க?" என்று அண்ணியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல உட்கார்ந்து காலை நீட்டினேன். மெஷின் சில்லென்று இருந்தது. குனிந்து பார்த்தால் பிளக் கழன்று கிடக்கிறது. தரை துடைக்கிற அம்மா இழுத்திருக்கிறாள்.

என் வாய் இருக்கிறதே, அதற்குப் பூட்டே கிடையாது. "அட, நான் புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனதிலேருந்து இது ஓடலையா?" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

சதவீதம் தாளைப் பார்த்தார். திங்கள் இரண்டு, செவ்வாய் இரண்டு, புதன் இரண்டு. என் காலைப் பார்த்தார். அப்புறம் அண்ணியைப் பார்த்தார்.

"அந்தப் பதினாலு பேரும் இந்த மேஜைக்கு அடியிலதான் குடியிருக்காங்க போல," என்றார்.

அறைக்குள் கூப்பிட்டு எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். மெஷினை வைத்தது யார், அண்ணி. கணக்கில் அதை விலக்காமல் விட்டது யார், அண்ணி. பெரியவர் இருக்கிறவரை அந்த வேலை தெரிந்த ஒரே ஆள் யார், அதுவும் அண்ணி. சோதிக்கிறவள் அவள் நாத்தனார். "ரெண்டு பேரும் ஒரே குடும்பம்தானே?" என்று அவர் கேட்ட விதத்தில் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன சார் பேசறீங்க? எங்க அண்ணி கடையில மிட்டாய் ஒண்ணு கூடுதலா வந்தாக்கூடத் திரும்பப் போய்க் குடுக்கிறவங்க," என்றேன்.

"இருக்கலாம். எனக்கு ஒரே ஒருத்தர் போதும். பழைய சிஸ்டத்துல நிஜமா நம்ம லைப்ரரிய ஓட்டற ஒரே ஒரு இடம். எழுத்துல வாங்கிட்டு வாங்க. ரிலீஸுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. இல்லன்னா பழசு போயிடும். சீட்டைக் காப்பாத்திக்க எண்ணிக்கையக் கூட்டிக் காட்டினாங்கன்னு நான் மேல எழுத வேண்டியிருக்கும்."

அண்ணி தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதிர்ச்சியில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்தேன். அவளுக்கும் சேர்த்து நான் அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரிடம் சண்டை போட்டேன்.

முதலில் ஓர் அறிவிப்பு வெளியிட்டோம். பழைய சிஸ்டத்தை விடப் போகிறோம், யாருக்காவது சிரமம் என்றால் எழுதுங்கள் என்று. மூன்று நாளாக ஒருவரும் எழுதவில்லை. யாரும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்றார் சதவீதம்.

"அறிவிப்பு இன்டர்நெட்ல இருக்கு. இன்டர்நெட்டே இல்லாத மெஷின் அதை எப்படிப் படிக்கும்?" என்றாள் அண்ணி என்னிடம். "பழசை வெச்சிருக்கிறவங்க பயத்துல வெளித் தொடர்பே இல்லாம பூட்டித்தான் வெச்சிருப்பாங்க. வேற மெஷின்ல இறக்கி, பென்டிரைவ்ல கொண்டுபோய்ப் போடுவாங்க. நம்ம தாள்ல அது புது மெஷின்னுதான் விழும். எண்ணறது இறக்கற மெஷினத்தான், ஓடற மெஷின இல்ல."

அப்படிக் கொண்டுபோகிறவர்கள் எல்லாச் சிஸ்டத்துக்கும் சேர்த்துக் கட்டின முழுத் தொகுப்பை இறக்க வேண்டும். அதை இறக்குவதற்கு ஒரு படிவத்தில் போன் நம்பர் கேட்போம். எல்லாரும் பத்துப் பூஜ்யம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒரே ஒருத்தர் மட்டும் நிஜ நம்பர் போட்டிருந்தார். ஒவ்வொரு வெர்ஷனுக்கும், அதே நம்பர்.

"இந்த ஆள் மட்டும் ஏன் உண்மையச் சொல்லியிருக்கார்?" என்று அண்ணிக்கு அதிலும் சந்தேகம்.

போன் போட்டாள். "ரத்த வங்கி," என்றது ஓர் ஆண் குரல்.

"வணக்கம்ங்க, உங்க மெஷின்ல எந்த சிஸ்டம் ஓடுதுன்னு தெரிஞ்சுக்கணும்."

"நீங்க யாரு?"

"உங்க வெப்பமானிக்கு லைப்ரரி எழுதறவங்க."

"எங்க லைப்ரரி மாடியில இருக்கு. அங்க வெப்பமானி கிடையாது," என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி போட்டால் எடுக்கவில்லை. திருட்டுக் கும்பல் என்று நினைத்துவிட்டார். அண்ணி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானா இருந்தாலும் வெச்சிருப்பேன்," என்றாள்.

நம்பரை வைத்து எந்த மருத்துவமனை என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வியாழக்கிழமை இரண்டு பேரும் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனோம். கீழ்த்தளத்தில், நீளமான நடைபாதையின் கோடியில், ரத்தப் பைகள் வைத்திருக்கிற அறை. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கதவைக் கையகலம் திறந்து, எங்கள் ஆபீஸ் அட்டையை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, நகத்தால் சுரண்டியும் பார்த்தார். போட்டோவில் அண்ணிக்குக் கண்ணாடி இல்லை, நேரில் இருக்கிறதே என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றிக் காட்டினாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் அண்ணியைச் சந்தேகத்தில் மிஞ்ச ஓர் ஆள் இந்த உலகத்தில் இருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

உள்ளே பெரிய குளிர்பெட்டிகள். இரும்பு அலமாரிக்குள் பூட்டி வைத்த ஒரு கம்ப்யூட்டர். அலமாரிக் கதவின் கண்ணாடி வழியாகத் திரையில் '4' தெரிந்தது. எங்கள் பெரியவர்தான். அந்தத் திரைக் கட்டங்களை நான் தூக்கத்தில் கூட அடையாளம் சொல்வேன்.

அண்ணி திரையைப் பார்க்கவில்லை. பெட்டி ஒவ்வொன்றின் கதவிலும் ஒரு கண்ணாடி வெப்பமானியும் அதன் பக்கத்தில் பேனாவால் கட்டம் போட்ட தாளும் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு மணிக்கு ஒரு தடவை கையால் எழுதின எண்கள்.

"கம்ப்யூட்டர் இருக்கே. இது எதுக்கு?" என்று கேட்டாள்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "போன வருஷம் ஒரு நாள் பூரா அது நாலுன்னே காட்டுச்சு. கதவத் திறந்தாலும் நாலு. இதுல பார்த்தா ஒம்பது. உள்ள இருந்ததெல்லாம் கொட்ட வேண்டியதாப் போச்சு. அணைச்சுப் போட்டேன், சரியாயிடுச்சு. அதுலேருந்து எனக்கு அது மேல நம்பிக்கை இல்ல."

அண்ணி அவரை நம்பிப் பார்த்த மாதிரி அண்ணனைக் கூடப் பார்த்ததில்லை. கோளாறு என்ன என்று விளக்கினாள். மாதம் ஒரு தடவை அணைத்துப் போடச் சொன்னாள்.

"நான் போடுவேன். நான் லீவுல போனா வர்றவன் போடுவானா? அவன் இந்தத் தாளையே தொட மாட்டான்," என்றார்.

எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டதும் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார். அப்படி ஒரு கடிதம் மேலதிகாரிகள் கண்ணில் பட்டால், ஒரு வருஷம் தெரிந்தே ஏன் சொல்லவில்லை என்று அவர் தலைதான் உருளும். கெஞ்சிப் பார்த்தோம். மசியவில்லை. யாரிடமும் இடத்தின் பேரைச் சொல்ல மாட்டோம் என்று அண்ணியிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் வெளியே விட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே வந்தேன். அதை முடித்துச் சதவீதத்தைத் திட்ட ஆரம்பித்தேன். வாய் கூசாமல் உங்கள் மேல் பழி போட்டாரே என்றேன்.

"அவர் சந்தேகப்பட்டது சரிதான்டி," என்றாள் அண்ணி.

"என்ன சரி?"

"பதினாலும் நம்ம மெஷின்தான்னு எனக்குத் தெரியும். நாலு வருஷமாத் தெரியும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே இறங்கியிருப்பேன். அடுத்த பஸ் எப்போது என்று தெரியாததால் உட்கார்ந்திருந்தேன். இவளுக்காக ஊரோடு சண்டை போட்டிருக்கிறேன். மிட்டாய் கதையெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

"நாலு வருஷம் முன்னாடி ஒரு போன் வந்தது," என்றாள். "புது வெர்ஷன் பழைய மெஷின்ல ஓடுமான்னு ஒருத்தர் கேட்டார். ஓடும்னேன். எங்கேருந்து பேசறீங்கன்னேன். வெச்சுட்டார். அந்த வாரத் தாள எடுத்து அவர் எந்த வரியில இருக்கார்னு ஒவ்வொண்ணாத் தேடினேன். எல்லாமே உன் காலடியிலேருந்து வந்தது. அதை எடுத்துட்டாப் பூஜ்யம். பூஜ்யம்னு எழுதினா அவரையும் சேர்த்துத் தூக்கிடுவாங்க."

"சொல்லியிருக்கலாமே அண்ணி."

"என்னன்னு? ஒரு குரல் கேட்டேன்னா? நானே நம்ப மாட்டேன்."

"இன்னைக்குப் பார்த்தவர்தானா அது?"

"அந்த மாதிரிதான் இருந்தது. நிச்சயமாச் சொல்ல முடியாது," என்றாள். இறங்குகிறவரை நான் அவளோடு பேசவில்லை. எனக்கு அவள் பொய் சொன்னதைவிட, என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்பதுதான் வலித்தது.

கெடு முடிந்த அன்றைக்குச் சதவீதத்தின் முன்னால் ஒரு தாளை வைத்தாள். எண்ணிக்கை தப்பு என்று நாலு வருஷமாகத் தெரியும், தெரிந்தே விட்டேன், இதில் நாத்தனாருக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"பெரியவர விட்டுடலாம் சார். நானே சொல்றேன். ஆனா இந்தத் திருத்தத்தோட அவருக்கு ஒரு கடைசி வெர்ஷன் குடுத்துட்டு விடுவோம். மூணு வாரம்தான். ஓர் இடத்தக் கண்ணால பார்த்தேன். பேர் சொல்ல மாட்டேன்."

"நாலு வருஷம் பொய்க் கணக்குக் காட்டினவங்க நீங்க. பேர் சொல்லாத இடத்த நான் எப்படி நம்பறது?"

"நம்பாதீங்க. வந்து பாருங்க."

என் மேஜைக்கு வந்தார்கள். நான் அண்ணியோடு பேசாமல் இருந்தாலும் வேலையில் கை வைக்காமல் இருக்க முடியுமா. வெப்பமானியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டேன். திரையில் நாலு. மெஷின் எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது என்கிற கணக்கை ஐம்பது நாள் என்று மாற்றினேன். அப்போதுதான் வந்திருந்த டீயில் வெப்பமானியைத் தூக்கிப் போட்டேன். ஆவி பறக்கிறது, திரையில் நாலு.

சதவீதம் தானே வெப்பமானியை எடுத்துத் துடைத்து, வேறு கப்பில் போட்டுப் பார்த்தார். நாலு. கப்பில் விரலை விட்டுச் சுட்டுக்கொண்டார். நாலு.

"இது எங்க ஓடுது?" என்று கேட்டார். எத்தனை பேர் என்று கேட்கவில்லை.

"நாங்க பார்த்தது ஓர் இடம். பார்க்காத இடம் எத்தனைன்னு தெரியாது," என்றாள் அண்ணி. "ரத்தம் வெச்சிருக்காங்க."

மூன்று வாரம் கொடுத்தார். அந்தத் தாளையும் மேலே அனுப்பினார். அதை நான் குறை சொல்ல முடியாது. கடைசி வெர்ஷன் வெளியான மறுநாள் அண்ணியை லைப்ரரியிலிருந்து எடுத்து, பக்கத்துக் கட்டடத்தில் கையேடு எழுதுகிற பிரிவில் போட்டார்கள். பதினெட்டு வருஷம் எழுதின நிரலை இனி அவள் தொடக் கூடாது. மெஷினையும் தூக்கிக்கொண்டு போனார்கள். காலை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் பழகவில்லை.

அந்த வாரத் தாளில் பெரியவர் வரியில் பூஜ்யம். முழுத் தொகுப்பை இறக்கினவர் ஒருவர். புது சிஸ்டம் என்று விழுந்திருந்தது.

திங்கட்கிழமை அண்ணியின் பழைய மேஜையில் போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"கண்ணாடி வெப்பமானியில நாலு. திரையில நாலு," என்றது குரல். "கதவத் திறந்து வெச்சேன். கண்ணாடியில ஏழு. திரையில ஏழு." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

நான்கு வாரமாக அண்ணியோடு தேவைக்கு மேல் பேசாதவள், மூச்சு வாங்கப் பக்கத்துக் கட்டடத்துக்கு ஓடினேன். அவள் ஏதோ கையேட்டில் அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எதை முதல்ல சொன்னார்? திரையையா, கண்ணாடியையா? திரைய முதல்ல பார்த்திருந்தா, கண்ணாடியிலயும் அதே நம்பர்தான் கண்ணுக்குத் தெரியும்."

"கண்ணாடியத்தான் அண்ணி. ரெண்டு தடவையும்."

அண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.